பல் விளக்கிவிட ஒரு பட்டமா?



இந்த வாரம் ஒரு மன்னிப்போடு தொடங்குகிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, என் வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்துப் பேசிய ஒரு தாயாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது. பெயரை அவர் சொல்லவில்லை. ஈப்போ பக்கம் என்று மட்டும் சொன்னார்.

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்திருந்த நேரம். 'அடுத்து என்ன படிக்கலாம்?' என்பதுதான் அன்றைய தலைப்பு. அழைத்தவர்களில் பாதிப் பேர் மருத்துவம், மீதிப் பேர் பொறியியல், கணக்கியல். இடையில் இந்த அம்மா வந்தார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது.

"மூத்தவ பாரம் ஆறு முடிச்சிட்டாம்மா. பல் சுகாதாரம் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பல் டாக்டர் இல்லையாம். பல்லைச் சுத்தம் பண்ற படிப்பாம். அதுக்கு வெளிநாட்டுல மூணு வருஷ டிகிரியாம். நீங்களே சொல்லுங்க, பல் விளக்கிவிட ஒரு பட்டமா?"

எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த சக அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பாட்டு போக முப்பது விநாடிதான் இருந்தது. "பிள்ளையோட ஆசையை மதிங்கம்மா, எந்தப் படிப்பும் வீண் போகாது" என்று, யாருக்கும் எதற்கும் சொல்லக்கூடிய ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அதிர்ந்தது. நியூசிலாந்திலிருந்து என் அக்கா மகள். அங்கே நம்மைவிட நான்கு மணி நேரம் முன்னால். சனிக்கிழமை மதியம் துணி துவைத்துக்கொண்டே இணையத்தில் என் நிகழ்ச்சியைக் கேட்பது அவள் வழக்கம்.

ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். "சித்தி, நீங்களுமா சிரிச்சீங்க?"

அந்த அம்மா கேட்ட படிப்பைத்தான் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். முப்பது விநாடியில் சொல்ல முடியாததை இந்தப் பக்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

"மார்க் பத்தலையா?"

அக்கா மகள் இப்போது டனீடின் நகரில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. படிப்பின் பெயர் 'பேச்சலர் ஆஃப் ஓரல் ஹெல்த்'. வாய்ச் சுகாதார இளங்கலை என்று சொல்லலாம். சில நாடுகளில் இதே மாதிரியான படிப்பு 'டென்டல் ஹைஜீன்' என்ற பெயரிலேயே இளங்கலைப் பட்டமாக இருக்கிறது. ஒட்டாகோவில் ஹைஜீனிஸ்ட் வேலையையும் பிள்ளைகளுக்கான தெரபிஸ்ட் வேலையையும் சேர்த்து ஒரே பட்டமாகக் கொடுக்கிறார்கள்.

அவள் இதைத் தேர்ந்தெடுத்தபோது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "டென்டிஸ்ட்டுக்கு மார்க் பத்தலையா?" என்பதுதான். ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், தூரத்து உறவில் ஓர் அத்தை நேராகவே கேட்டார். "அப்ப உன் பேருக்கு முன்னால டாக்டர்னு போட முடியாதா?" முடியாது என்றாள். "அப்புறம் எதுக்கு அவ்வளவு செலவு?" என்றார் அத்தை. அவள் தலையைக் குனிந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இது எனக்குப் புதிதில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்பு நான் ஊடகவியல் படிக்கப்போகிறேன் என்றபோது, இதே அத்தை "பேசுறதுக்கு ஒரு படிப்பா? நீதான் சும்மாவே பேசுவியே" என்றவர். எல்லோருக்கும் வாய் இருக்கிறது, எல்லோரும் பேசுகிறோம், அதனால் பேசுவதைப் படிக்க வேண்டியதில்லை. எல்லோரும் தினமும் பல் விளக்குகிறோம், அதனால் அதையும் படிக்க வேண்டியதில்லை. அன்று எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்பது இன்னும் நினைவில் இருக்கிறது. அப்படிப்பட்ட நானே ஒலிவாங்கிக்கு முன்னால் சிரித்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

உள்ளே என்னதான் படிக்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பல் கிளினிக்கில் நாம் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் இல்லை. பல் மருத்துவர் நோயைக் கண்டறிவார், நிரந்தரப் பற்களைப் பிடுங்குவார், வேர்ச் சிகிச்சை செய்வார், பல் கட்டுவார். பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுப்பவர் உதவியாளர். ஹைஜீனிஸ்ட் என்பவர் ஈறையும் பல்லைச் சுற்றியுள்ள பகுதியையும் பரிசோதித்து, அளந்து, காறையை எடுத்து, நோய் வராமல் காப்பவர். தெரபிஸ்ட் என்பவர் முக்கியமாகப் பிள்ளைகளுக்குப் பல் அடைப்பது, பால் பல் பிடுங்குவது போன்றவற்றைச் செய்பவர்.

முதல் ஆண்டில் உடற்கூறு, பல் எப்படி உருவாகிறது, வாயில் வாழும் கிருமிகள், அவை பல்லில் படலமாக எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று பாடங்கள். கூடவே, ரப்பர் முகம் மாட்டிய பொம்மைத் தலையில் கைப்பழக்கம். ஒருநாள் வீடியோவில் அழைத்து அந்தத் தலையைக் காட்டினாள். என் அம்மா பயந்துபோய், "என்னடி இது, ராத்திரி கனவுல வரப்போவுது" என்றார். அதன் பிறகு சக மாணவர்களின் வாயில் பழக வேண்டும். பிறகுதான், ஆசிரியர் கண்காணிப்பில், உண்மையான நோயாளி.

ஈறை அளப்பதற்கு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய புரோப் ஒன்று இருக்கிறது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். முப்பத்திரண்டு பல்லும் இருந்தால் மொத்தம் 192 அளவு. 1 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 4, 5 என்று ஏறினால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகத் தொடங்கியிருக்கலாம். 6, 7 என்றால் உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கக்கூடும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் வலிக்கும், அளவும் தப்பாகும். குறைந்தால் நோய் கண்ணில் படாது. அந்த அழுத்தம் கைக்கு வருவதற்கே பல மாதங்கள் ஆனதாம் அவளுக்கு.

இதோடு எக்ஸ்ரே பார்ப்பது, மரத்துப்போக ஊசி போடுவது, நோயாளி சாப்பிடும் மாத்திரைகள் ஈறை என்ன செய்யும் என்பது, ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசித்து எடைபோடுவது என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு வியப்பாக இருந்தது இன்னொரு பாடம். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதை அங்கே பாடமாகவே நடத்துகிறார்கள். "நீங்க சரியா பல் விளக்கலை" என்று ஆரம்பித்தால் அந்த மனிதர் அடுத்த முறை வரமாட்டார். அதையே அவர் திரும்பி வரும்படி எப்படிச் சொல்வது? வானொலியில் பத்து வருடமாக நான் கற்றுக்கொள்ள முயற்சி செய்யும் வித்தையும் ஏறக்குறைய அதுதான்.

பள்ளிக்கூடத்துப் பல் மிஸ்ஸி

இந்தத் தொழில் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். பல் கெட்டுப்போன பிறகு வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு நிறைவில்லை. தன் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு, பல்லைச் சுத்தம் செய்யவும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கவும் 1906-ல் பயிற்சி கொடுத்தார். 1913-ல் இதற்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் அணியில் 27 பெண்கள் தேறினார்கள். அவர்களில் பலர் அந்த நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்ற பெயரும் ஃபோன்ஸ் வைத்ததுதான்.

நியூசிலாந்து வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் பற்கள் மிக மோசமாக இருந்ததை அந்நாட்டு அரசு பார்த்தது. பிள்ளைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று முடிவாகி, 1921-ல் வெலிங்டனில் பள்ளிப் பல் தாதியருக்குப் பயிற்சி ஆரம்பமானது. பள்ளி வளாகத்திலேயே கிளினிக். பிள்ளைகளுக்கு அதைக் கண்டால் நடுக்கம். 'கொலை வீடு' என்று அதற்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அந்நாட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்களாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். அதே நியூசிலாந்து முறையைப் பின்பற்றி, 1949-ல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நாம் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் பெயர் சொல்லி அழைத்துப்போவார்களே, நினைவிருக்கிறதா? சபா மண்டபத்திலோ நூலகத்து மூலையிலோ மடக்கு நாற்காலி, பெரிய விளக்கு, வெள்ளைச் சீருடையில் ஒரு பல் மிஸ்ஸி. அந்த மிஸ்ஸிகள் பினாங்கில் பயிற்சி பெற்றவர்கள். டாக்டர் என்றே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பல் தாதி என்ற பெயர் இப்போது மாறிவிட்டது. மலாயில் 'ஜூருதெராப்பி பெர்கிகியான்', அதாவது பல் தெரபிஸ்ட். 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022-ல் அமலுக்கு வந்தபோது, மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் அவர்களுக்கும் பதிவு என்ற அங்கீகாரம் வந்தது.

அக்கா மகளுக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததும் அப்படி ஒரு மிஸ்ஸியால்தான். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவளின் கையில் அந்த மிஸ்ஸி கண்ணாடியைக் கொடுத்து, "நீயே எண்ணிச் சொல்லு, எத்தனை பல் இருக்கு?" என்றாராம். எண்ணி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. டென்டிஸ்ட் ஆக முடியாமல் இதற்குப் போனவள் இல்லை அவள். முதலிலிருந்தே அவள் பார்த்துவைத்த நாற்காலி இதுதான். இதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் காதில் வாங்கவில்லை.

பாட்டியின் கை

கடந்த டிசம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தாள். இரண்டாம் ஆண்டு முடிந்திருந்தது. ஒருநாள் காலை, சமையலறைத் தொட்டியில் என் அம்மா வாய் கொப்பளித்துத் துப்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"பாட்டி, பல் விளக்கும்போது ரத்தம் வருதா?"

"அது எப்பவும் வர்றதுதானேடி."

"எப்பவும்னா?"

"ரொம்ப வருஷமா. உப்புத் தண்ணியில கொப்பளிச்சா நின்னுரும்."

அம்மாவுக்கு வயது 64. பதினொரு வருடமாக இனிப்பு நீர். நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். மாத்திரை வாங்கித் தருவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக் கூட்டிப்போவேன். ஈறில் ரத்தம் வருகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. வலிக்காத ஒன்றை நோய் என்று யார் சொல்வார்கள்?

கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தாள். எதையும் தொடவில்லை. "நான் இன்னும் ஸ்டூடன்ட். பார்க்கத்தான் முடியும். நாளைக்கே கிளினிக் போகணும்" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் எளிதில் வரும், வேகமாக முற்றும். ஈறில் அழற்சி இருந்துகொண்டே இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஆனால் நம் ஊரில் சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு வேறொரு டாக்டர். நடுவில் இரண்டையும் இணைத்துக் கேட்பதற்கு யாரும் இருப்பதில்லை.

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். இதை வாசிக்கும் வீடுகளில் பாதியிலாவது குளிர்சாதனப் பெட்டியின் மேல் மாத்திரை டப்பா இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில் யாருக்காவது ஈறில் ரத்தம் வருகிறதா என்று இன்று ராத்திரி கேட்டுப்பாருங்கள்.

மறுநாள் பல் கிளினிக்கில் டாக்டர் அதே மாதிரி புரோப் ஒன்றை எடுத்து அளந்தார். பின் பற்களில் 6, 7 என்று எண்கள் வந்தன. அக்கா மகள் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்கு முறை போய் ஆழமாகச் சுத்தம் செய்தோம். இரண்டு கடைவாய்ப் பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. நாலைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்தார். "வலிக்கவே இல்லையேடி" என்றார். குற்றச்சாட்டு மாதிரி இல்லை. தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வது மாதிரி.

அதைவிட என் மனதில் நின்றது வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. "பாட்டி, எனக்காக ஒருதடவை பல் விளக்கிக் காட்டுங்க" என்று கேட்டாள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே விளக்கிக் காட்டினார். நான் பல்லைப் பார்த்தேன். அவள் கையைப் பார்த்தாள். அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. மெல்லிய பிரஷ்ஷை அழுத்திப் பிடித்துப் பின்பக்கம் கொண்டுபோக முடியவில்லை. அதனால் முன்பற்களை மட்டும் அரக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார். இதுவும் எத்தனையோ வருடமாக நடக்கிறது.

அவள் மருந்துக் கடைக்குப் போய் மென்மையான, தலை சிறுத்த பிரஷ் வாங்கி வந்தாள். கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் தடிமனாக்கினாள். பல் இடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். "கணக்குக்கு ரெண்டு நிமிஷம் பாட்டி. முடிச்சதும் நுரையைத் துப்புங்க, உடனே தண்ணி ஊத்திக் கொப்பளிக்காதீங்க. பேஸ்ட்ல இருக்கிற ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லுல இருக்கட்டும்." ஒருமுறைகூட "நீங்க ஒழுங்கா விளக்கலை" என்று சொல்லவில்லை. அந்தப் பேச்சுப் பாடம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று மாதம் கழித்து அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.6-லிருந்து 8.1-க்கு வந்திருந்தது. இடையில் டாக்டர் மாத்திரையையும் மாற்றியிருந்தார். அதனால் ஈறுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது என்று சொன்னவளும் அக்கா மகள்தான். "சித்தி, ரேடியோவுல அப்படிச் சொல்லிடாதீங்க" என்றாள். ஈறில் ரத்தம் வருவது நின்றது என்று மட்டும் சொல்லலாமாம். சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு

ஈப்போ அம்மா, உங்கள் கேள்வியில் தப்பே இல்லை. வீட்டை அடமானம் வைத்துப் படிக்கவைக்கிற பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். முப்பது விநாடியில் நான் விட்டதை இங்கே சொல்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பை டென்டிஸ்ட் படிப்புக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசாக நினைத்து அனுப்பாதீர்கள். மகள் டென்டிஸ்ட்தான் ஆக விரும்புகிறாள் என்றால் இது அதற்கான குறுக்குவழி கிடையாது. இரண்டும் வெவ்வேறு வேலை. அவளுக்கு எந்த வேலை பிடிக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்துப் பல் கிளினிக்கில் கேட்டு ஒருநாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் குனிந்த கழுத்து, ஒரே மாதிரி அசையும் மணிக்கட்டு, நடுங்கிக்கொண்டே வரும் மனிதர்கள். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் அது நிலைக்கும்.

இரண்டாவது, வெளிநாட்டுக்குக் கட்டணம் கட்டும் முன் மலேசியப் பல் மருத்துவ மன்றத்துக்கு எழுதி ஒரு கேள்வி கேளுங்கள். 'இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பட்டத்தோடு திரும்பி வந்தால், இங்கே எந்தப் பதிவில், என்ன வேலை செய்யலாம்?' நம் நாட்டில் பல் தெரபிஸ்ட்டுகள் பெரும்பாலும் பார்ப்பது பிள்ளைகளைத்தான். வெளிநாட்டில் பெரியவர்களுக்குச் செய்யக் கற்ற எல்லாவற்றையும் இங்கே அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்துப் போகக் கூடாது. பதிலைக் கையில் எழுத்தாக வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். படிக்கும் நாட்டிலேயே வேலை செய்வதாக இருந்தால், அங்குள்ள பதிவு, விசா விதிகளையும் இதேபோல் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, உள்ளூரிலும் வழி இருக்கிறது. பினாங்கில் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள கல்லூரியில் பல் தெரபிஸ்ட் டிப்ளோமா மூன்று வருடம். சிங்கப்பூரில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஹைஜீனும் தெரபியும் சேர்ந்த டிப்ளோமா இருக்கிறது. பிறகு எதற்கு இளங்கலை என்று கேட்டால், நாற்காலிப் பக்கத்து வேலைக்கு நல்ல டிப்ளோமாவும் போதும். பட்டம் கூடுதலாகச் சில கதவுகளைத் திறக்கும். மேற்படிப்பு, ஆராய்ச்சி, கற்பித்தல், பொதுச் சுகாதாரத் திட்டங்கள். மகளுக்கு அந்தக் கதவுகள் வேண்டுமா என்று பேசிப் பாருங்கள். வேண்டாம் என்றால் டிப்ளோமாவோடு தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாகச் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. தடுப்பதற்குப் படித்தவர்கள்தான் போதவில்லை. இருக்கிற சிலரையும் "டாக்டர் ஆக முடியலையா?" என்று கேட்டுக் குனியவைக்கிறோம்.

பல் விளக்கிவிட ஒரு பட்டமா என்று கேட்டீர்கள். என் அம்மாவின் வாயில் எத்தனையோ வருடமாக நடந்துகொண்டிருந்ததை, அவரோடு வாழும் நான் பார்க்கவில்லை. மூன்று வருடப் படிப்பில் இரண்டை முடித்திருந்த ஒரு பெண் ஒரு காலையில் பார்த்தாள். எனக்கு அந்தப் பதில் போதும். உங்களுக்கும் போதுமா என்று நீங்களும் உங்கள் மகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள், அம்மா.

கடைசியாக ஒரு வாக்குமூலம். வாயால் பிழைப்பவள் நான். அந்த வாயைப் பல் மருத்துவரிடம் காட்டி ஆறு வருடம் ஆகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை ஸ்கேலிங்குக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். செய்தியை டனீடினுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "சித்தி, போய்ட்டு வந்து நம்பர் எல்லாம் சொல்லணும். 192-ம்."

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் பல் விளக்கிவிட்டு வாருங்கள், இரண்டு நிமிடம்.